சீசர் வந்தாரா வெள்ளானூருக்கு?

ஞாயிற்றுக்கிழமை காலை. இரண்டாவது காபிக்கு நடுவில் போன்.

"சார், வெள்ளானூர்லேர்ந்து பேசறேன். ஆவடிக்கு அந்தாண்ட. எங்க வீட்ல ரோமாபுரிக் காசு ஒண்ணு இருக்குது. நீங்க ஒரு தடவை பாத்து ஆமா, இல்லைனு சொல்லிட்டாப் போதும்..."

சரித்திரம் பற்றி நாலு பத்தி எழுத ஆரம்பித்தாலே போதும், இந்த மாதிரி போன்கள் வந்துவிடும். திப்பு சுல்தான் கத்தி வைத்திருப்பவர்கள், ராஜராஜ சோழன் மோதிரம் வைத்திருப்பவர்கள், 'கிழக்கிந்தியக் கம்பெனி அனுமார் காசு' வைத்திருப்பவர்கள் (கம்பெனி அப்படி ஒரு காசே அடித்ததில்லை!) என்று தமிழ்நாட்டில் பலர் இருக்கிறார்கள். பெரும்பாலும் பணிவாக மறுத்துவிடுவேன். ஆனால், அவர் கடைசியாகச் சொன்ன ஒரு வாக்கியம் என்னைக் கிளப்பிவிட்டது.

"நாளைக்குள்ள இருபத்தஞ்சாயிரம் கட்டணும் சார். அதான் அவசரமா கேக்கறேன்."

விசாரித்தேன். காசைப் போட்டோ எடுத்து யாருக்கோ அனுப்பியிருக்கிறார். அந்த 'யாரோ' பார்த்துவிட்டு, "இது ரெண்டாயிரம் வருஷத்து ரோமன் கோல்டு. நாப்பது லட்சம் போகும். பார்ட்டி ரெடி. ரிஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ் மட்டும் இருபத்தஞ்சாயிரம் கட்டிடுங்க" என்று சொல்லியிருக்கிறார். பேத்திக்கு இன்ஜினீயரிங் காலேஜில் இடம் கிடைத்திருக்கிறது. ஃபீஸ் கட்ட வேண்டிய நேரம். நாற்பது லட்சம் என்றால் யாருக்குத்தான் கண் விரியாது?

அடுத்த அரை மணியில் கிளம்பிவிட்டேன்.

வெள்ளானூர் இன்னும் முழுசாக நகரமாகவில்லை, முழுசாகக் கிராமமாகவும் இல்லை. ஒரு பக்கம் ஏரித் தண்ணீர், இன்னொரு பக்கம் கலர் கலராகக் கொடி நட்ட 'மனைகள் விற்பனைக்கு'. வாசலில் காத்திருந்தார் பெரியவர். ஆவடி டேங்க் ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். உள்ளே திண்ணையோரம் அவருடைய அம்மா. எண்பதைத் தாண்டிய வயது, காதில் பழைய கம்மல். "வாப்பா, ஒக்காரு" என்றார் அந்தப் பாட்டி.

மஞ்சள் துணியைப் பிரித்தார் மகன். உள்ளே ஒரு பொற்காசு. மேலே சின்னதாக ஒரு வளையம் பற்ற வைத்திருந்தது. ஒரு பக்கம் இரண்டு மனித உருவங்கள், மறு பக்கம் முட்டை வடிவ வட்டத்துக்குள் ஓர் உருவம். சுற்றிலும் இங்கிலீஷ் மாதிரி எழுத்துக்கள்.

"ஆசாரிகிட்ட உரசிப் பாத்தாச்சு சார். நல்ல தங்கம்தான்."

'வெள்ளானூர்ல போய் ரோமானியக் காசா?' என்று நீங்கள் சிரிக்க வேண்டாம். தமிழ்நாட்டில் அப்படிச் சிரித்துவிட முடியாது. இந்தியாவில் ரோமானியக் காசு அதிகமாகக் கிடைக்கிற பகுதிகளில் முக்கியமானது நம்முடையது. பொள்ளாச்சி, கரூர், மதுரை என்று ஒரு நீண்ட பட்டியலே இருக்கிறது. பெயரில் வெள்ளானூருக்கு ஒட்டிப் பிறந்த மாதிரி இருக்கிற ஊர், கோயமுத்தூர் பக்கத்து வெள்ளலூர். 1842-ல் அங்கே ஒரே புதையலில் 522 ரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்தன. அதோடு முடியவில்லை. 1891-ல், 1931-ல் என்று அதே ஊரில் மறுபடி மறுபடி வெள்ளிக் காசுகள் கிடைத்தன. அவ்வளவு ஏன், நம்ம மாம்பலத்தில் கிடைத்த பழைய முத்திரைக் காசுக் குவியலில்கூட அகஸ்டஸ் சீசரின் வெள்ளிக் காசு ஒன்று கலந்திருந்தது. மாம்பலத்துக்கு வந்த சீசர் வெள்ளானூருக்கு வர எத்தனை நேரம் ஆகும்?

எனவே காசை மரியாதையோடுதான் கையில் எடுத்தேன்.

ஒரு காசு ரோமானியக் காசா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முதல் கேள்வி, 'என்ன எழுதியிருக்கிறது' என்பதல்ல. 'எவ்வளவு எடை?' என்பதுதான். எழுத்து தேய்ந்துவிடும், முகம் மழுங்கிவிடும். எடை அவ்வளவு சுலபத்தில் ஏமாற்றாது.

ரோமானியர்களின் பொற்காசுக்குப் பெயர் ஔரியஸ். வெள்ளிக் காசு, டெனாரியஸ். இருபத்தைந்து டெனாரியஸ் கொடுத்தால் ஓர் ஔரியஸ். அகஸ்டஸ் காலத்து ஔரியஸின் எடை எவ்வளவு தெரியுமா? எட்டு கிராமுக்கு ஒரு சிட்டிகை குறைவு. அதாவது, கிட்டத்தட்ட நம் வீட்டுப் பெண்கள் கணக்குப் போடுகிற அதே ஒரு சவரன்! டெனாரியஸ் நாலு கிராமுக்குக் கொஞ்சம் குறைவு.

இந்த எடை விஷயத்தில் அந்தக் காலத்து ரோமானியர்கள் கறார் பேர்வழிகள். ப்ளினி என்ற ரோமானிய எழுத்தாளர் ஒரு சம்பவம் சொல்கிறார். ரோமிலிருந்து வந்த ஒருவனின் கப்பல் காற்றில் திசைமாறி இலங்கையில் கரை ஒதுங்குகிறது. அவனிடம் இருந்த டெனாரியஸ் காசுகளை அந்த நாட்டு ராஜா வாங்கிப் பார்க்கிறார். ஒவ்வொன்றிலும் வேறு வேறு முகம். வேறு வேறு ஆட்களின் ஆட்சியில் அடித்தவை என்று புரிகிறது. ஆனால், எல்லாம் ஒரே எடை! 'ராஜா மாறினாலும் காசு மாறலையே... இவங்க நாணயமானவங்கப்பா' என்று அசந்துபோய், ரோமுக்கு ஒரு தூதுக் குழுவையே அனுப்பிவிட்டாராம். நாணயம் என்ற சொல்லுக்கு நம் பாஷையில் காசு என்றும் அர்த்தம், நேர்மை என்றும் அர்த்தம். அந்த ராஜாவுக்கு அது புரிந்திருக்கிறது!

இந்த நாணயத்துக்கு வேட்டு வைத்தவர் நீரோ. அதேதான், ரோம் எரிந்தபோது பிடில் வாசித்ததாகப் பழி சுமக்கிற அதே நீரோ. ரோம் எரிந்த அதே கி.பி. 64-ஐ ஒட்டித்தான் காசின் எடையையும் குறைத்தார். ஒரு ரோமானிய பவுண்டு தங்கத்தில் சுமார் 40 காசு அடித்துக்கொண்டிருந்த இடத்தில் 45 காசு. வெள்ளியில் இன்னும் மோசம். எடையும் குறைந்தது, கூடவே கலப்படமும் சேர்ந்தது.

விளைவைத் தமிழ்நாட்டு மண் சொல்கிறது. இங்கே கிடைக்கிற ரோமானிய வெள்ளிக் காசுகளில் பெரும்பாலானவை நீரோவுக்கு முந்தைய அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்தவை. நீரோ செம்பு கலந்து அடித்த காசு இங்கே சீந்துவாரற்றுப் போயிருக்கிறது. நம்மூர் வியாபாரிகள் லத்தீன் படித்தவர்கள் இல்லை. ஆனால், உரைகல்லும் தராசும் அவர்களுக்கு லத்தீனைவிட நன்றாகப் பேசின. "புதுக் காசு வேணாம், பழசு இருந்தா குடு!"

இந்தக் கதையைச் சொல்லி முடித்ததும் ஃபிட்டர் எழுந்து உள்ளே போனார். ஒரு சின்ன டிஜிட்டல் தராசும், பெட்டியில் பத்திரமாக வைத்திருந்த வெர்னியர் காலிபரும் எடுத்து வந்தார். சர்வீஸில் கூடவே இருந்த கருவியாம்.

"விட்டம் இருபது மில்லிமீட்டர் சார். சொச்சம் கொஞ்சம்."

"ஔரியஸும் கிட்டத்தட்ட அந்த அகலம்தான்."

அவர் முகம் மலர்ந்தது. தராசில் வைத்தார். வளையத்தோடு சேர்த்து 3.7 கிராம்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அளவோடே வாழ்நாளைக் கழித்த மனிதர் அல்லவா? நான் சொல்வதற்கு முன்னால் அவரே சொன்னார். "அகலம் அதே, எடை பாதி. அப்ப இது தகடு மாதிரி மெல்லிசு. ஒத்து வரலையே சார்!"

ஒத்துவரவில்லைதான். ஆனால், எடையை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வது நியாயமல்ல. ரோமில் பிற்பாடு, கான்ஸ்டன்டைன் காலத்தில் சாலிடஸ் என்று நாலரை கிராமில் வேறொரு பொற்காசு வந்தது. அதனால் அடுத்த சாட்சியைக் கூப்பிட்டோம். அது முகம்.

ரோமானியக் காசு என்றால் முன்பக்கம் அநேகமாக ஒரு தலை இருக்கும். ராஜாவோ ராணியோ, பக்கவாட்டில் திரும்பிய முகம். நம் ரூபாய் நோட்டில் பெரும்பாலும் காந்தி. அங்கே ஆளுக்கொரு முகம். முகத்தைப் பார்த்தே காலத்தைக் குத்துமதிப்பாகச் சொல்லிவிடலாம். மழுமழுவென்று க்ஷவரம் செய்த முகம், தலையில் இலை மாலை என்றால் பெரும்பாலும் முதல் நூற்றாண்டு. தாடி வைத்திருந்தால் ஹாட்ரியனுக்கு (கி.பி. 117) அப்புறம் என்று சந்தேகிக்கலாம். தாடியை ஃபேஷனாக்கிய சக்கரவர்த்தி அவர்தான். மணிகள் பதித்த பட்டை தலையில் இருந்தால் கான்ஸ்டன்டைனும் அவருக்குப் பின்னால் வந்தவர்களும். பின்பக்கம் சிலுவை இருந்தால் ரோம் கிறிஸ்துவத்துக்கு மாறிய பிறகு. கரூர், மதுரை, திருக்கோவிலூர் ஆற்று மணலில் இப்படிப்பட்ட பிற்கால ரோமானியச் செப்புக் காசுகள் நிறையக் கிடைத்திருக்கின்றன. சுண்டு விரல் நகம் அளவுதான் இருக்கும். பழைய இரும்புக் கடைக்குப் போக வேண்டிய அந்தப் பொடிக் காசுகளைத் தேடித் தேடிச் சேர்த்து, ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு, 1994-ல் புத்தகமே போட்டார் 'தினமலர்' ஆசிரியராக இருந்த இரா.கிருஷ்ணமூர்த்தி. சங்க காலக் காசுகளைப் பற்றி இன்று நாம் பேசுவதிலும் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

மூன்றாவது சாட்சி, எழுத்து. ரோமானியர்களுக்கு 'யு' எழுத்து கிடையாது, அதற்கும் 'வி'தான். வார்த்தைகளையும் முழுசாக எழுத மாட்டார்கள். நம் ஊர் கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் பட்டங்களைச் சுருக்கிப் போடுகிற மாதிரி, 'ஏ.வி.ஜி.' என்றால் அகஸ்டஸ், 'சி.ஓ.எஸ்.' என்றால் கான்சல் பதவி, 'பி.பி.' என்றால் தேசப்பிதா. கான்சல் பதவிக்குப் பக்கத்தில் எத்தனையாவது தடவை என்று நம்பர்கூட இருக்கும். அதை வைத்து வருஷத்தையே பிடித்துவிடலாம்.

தமிழ்நாட்டில் அதிகம் கிடைக்கிற டெனாரியஸ் இரண்டே வகை. ஒன்று, அகஸ்டஸுடையது. பின்பக்கம் கேயஸ், லூசியஸ் என்ற இரண்டு பையன்கள் கேடயத்தைத் தரையில் ஊன்றி நிற்பார்கள். அகஸ்டஸின் மகள் வயிற்றுப் பேரன்கள். தத்து எடுத்து வாரிசாக வளர்த்தார். காசிலும் போட்டு ஊரெல்லாம் அறிமுகப்படுத்தினார். பாவம், இரண்டு பேருமே தாத்தாவுக்கு முன்னால் செத்துப்போனார்கள். அகஸ்டஸுக்குத் தேசப்பிதா பட்டம் கிடைத்தது கி.மு. 2-ல். காசில் அந்தப் பட்டம் இருக்கிறது. ஆக, காசு அதற்கு முன்னால் அடிக்கப்பட்டிருக்க முடியாது. காசைப் படிப்பது என்றால் இதுதான்.

இன்னொன்று, டைபீரியஸுடையது. முன்பக்கம் அவர் தலை, பின்பக்கம் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு பைபிள் காட்சி ஒன்று ஞாபகத்துக்கு வரும். 'சீசருக்கு வரி கட்டலாமா, கூடாதா?' என்று இயேசுவை மடக்கப் பார்க்கிறார்கள். அவர் ஒரு காசைக் காட்டச் சொல்லி, 'இதில் இருக்கிற உருவமும் எழுத்தும் யாருடையவை?' என்று கேட்கிறார். 'சீசருடையவை' என்கிறார்கள். அன்று அவர் கையில் இருந்தது டைபீரியஸின் இந்த டெனாரியஸ்தான் என்பது பொதுவான கருத்து. அதே ரகக் காசுதான் கோயமுத்தூர்க் காட்டில் பானை பானையாகப் புதைந்து கிடந்தது!

எல்லாம் எதற்காக வந்தது? மிளகு, முத்து, மெல்லிய துணி, கொங்கு நாட்டுப் பச்சைக்கல். மேற்குக் கரைத் துறைமுகத்தில் இறங்கி, பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தங்கமும் வெள்ளியும் உள்ளே வந்தன. யவனர் கப்பல் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதை அகநானூற்றின் 149-வது பாட்டு சொல்கிறது. அதே விஷயத்தை ரோமில் இருந்துகொண்டு ப்ளினி புலம்பலாகச் சொல்கிறார். வருஷத்துக்கு 5 கோடி செஸ்டர்ஸ் இந்தியாவுக்குப் போகிறதாம். 100 செஸ்டர்ஸ் ஓர் ஔரியஸ். வகுத்துப் பாருங்கள், 5 லட்சம் பொற்காசு! பணக்காரர்களின் ஆடம்பரத்தைத் திட்டுவதற்காக ப்ளினி கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாம். ஆனாலும், நெருப்பில்லாமல் புகை ஏது?

நம் காசுக்கு வருவோம். முன்பக்கம் தலை இல்லை. ஒருவர் நிற்கிறார், இன்னொருவர் அவர் முன்னால் மண்டியிட்டிருக்கிறார். நடுவில் ஒரு கொடிக்கம்பம். மறுபக்கம் நீள்வட்டத்துக்குள் நிற்கிற உருவத்தைச் சுற்றி நட்சத்திரங்கள்.

ரோம் இல்லை. ஆனால், இத்தாலிதான்!

இது வெனிஸ் நகரத்தின் டியூகட் பொற்காசு. நிற்பவர் வெனிஸின் காவல் புனிதர் மாற்கு. மண்டியிட்டிருப்பவர் அந்த நகரத்தின் ஆட்சித் தலைவர் 'டோஜ்'. பின்பக்கம் இருப்பவர் இயேசு கிறிஸ்து. எடை மூன்றரை கிராம், கிட்டத்தட்ட சுத்தத் தங்கம். 1284-ல் அடிக்க ஆரம்பித்தார்கள். 1797-ல் நெப்போலியன் வெனிஸ் குடியரசுக்கே முற்றுப்புள்ளி வைக்கும்வரை அடித்தார்கள். ஐந்நூறு வருஷத்துக்கு மேல் ஒரே படம், ஒரே எடை. டோஜ் மாறினால் பெயர் மட்டும் மாறும். நீரோ கற்றுக்கொள்ளாத பாடத்தை வெனிஸ்காரர்கள் கற்றிருந்தார்கள். எகிப்து, செங்கடல் வழியாக அந்தக் காசு இந்தியாவுக்கு வந்து கொட்டியது. எதற்காக? மறுபடியும் அதே மிளகு! எடையும் நம் வராகனுக்கு ரொம்பப் பக்கத்தில் இருந்ததால் ஜனங்கள் தயங்காமல் வாங்கிக்கொண்டார்கள். கொடிக்கம்பத்தோடு நிற்கிற அந்த உருவங்களைப் பார்த்து, 'பனை மரமும் அதில் ஏறப் போகிறவரும்' என்று தென்பாண்டிச் சீமையில் அர்த்தம் செய்துகொண்டார்கள் என்று பழைய குறிப்புகளில் படித்திருக்கிறேன். புனிதர் மாற்கு கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்புவோம்.

"அப்ப ரோமாபுரி இல்லைன்னாலும் வெனிஸ்! அதுவும் பழசுதானே சார்?" என்றார் ஃபிட்டர். குரலில் நம்பிக்கை இன்னும் மிச்சம் இருந்தது.

லென்ஸை எடுத்து எழுத்தைப் பார்த்தேன். சங்கடம் அங்கேதான் காத்திருந்தது. மாற்குவின் பக்கத்தில் லத்தீனில் பெயர் இருக்க வேண்டும், டோஜின் பெயர் இருக்க வேண்டும். இந்தக் காசில் இருந்தவை எழுத்து மாதிரி தெரிகிற கோடுகள். நேர்க்கோடு, நேர்க்கோடு, ஒரு வட்டம், மறுபடி நேர்க்கோடு. படிக்கத் தெரியாதவர் பார்த்து வரைந்தது. டியூகட்டுக்கு இந்தியாவில் அவ்வளவு மதிப்பு இருந்ததால், காசுமாலைக்காக நம் ஊர்ப் பத்தர்களே அதைப் பார்த்து அச்சு வெட்டி அடித்தார்கள். இப்படிப்பட்ட காசுகள் நாடு முழுக்கக் கிடைக்கின்றன. மகாராஷ்டிரத்தில் இன்றும் 'புதலி' மாலை போடுகிறார்கள், அதன் மூலமும் இந்த டியூகட்தான் என்று சொல்வார்கள். ஏமாற்றுவதற்காக அடித்த கள்ளக் காசு இல்லை, தங்கம் நல்ல தங்கம். ரோமிலும் அடிக்கவில்லை, வெனிஸிலும் அடிக்கவில்லை. லத்தீன் தெரியாத, வேலை தெரிந்த யாரோ ஒரு பத்தரின் கைவண்ணம்.

சொல்ல மனசில்லாமல்தான் சொன்னேன். பெரியவர் வெர்னியரை மெதுவாகப் பெட்டியில் வைத்து மூடினார்.

"நாப்பது லட்சம்..?"

"தங்கத்தோட விலை. அதுக்கு மேல ஆசைக்கு வாங்கறவங்க கொஞ்சம் கொடுக்கலாம். அந்த இருபத்தஞ்சாயிரத்தை மட்டும் தயவுசெஞ்சு கட்டிடாதீங்க."

இதை உங்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். காசை வாங்குகிறவன் உங்களுக்குப் பணம் தருவானே தவிர, உங்களிடம் கேட்க மாட்டான். பழைய காசு, நோட்டு வாங்குவதாகச் சொல்லி ஃபீஸ், கமிஷன், வரி என்று கறக்கிற கும்பல்களைப் பற்றி ரிசர்வ் பேங்க்கே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. எங்கள் பெயரைச் சொல்லிக் கேட்டாலும் நம்பாதீர்கள் என்றது.

சரி, நிஜமாகவே கடைக்கால் தோண்டும்போது ஒரு பானை நிறைய ரோமானியக் காசு கிடைத்தால்? முதல் வேலை, புளி போட்டுத் தேய்க்காதீர்கள்! ஈராயிரம் வருஷ சாட்சியம் இரண்டே நிமிஷத்தில் கழுவப்பட்டுவிடும். எங்கே, எவ்வளவு ஆழத்தில், எதனோடு சேர்ந்து கிடைத்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். கலெக்டருக்குத் தகவல் சொல்லுங்கள். 1878-ம் வருஷத்துப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது மண்ணில் கிடைத்தாலும் சொல்லியாக வேண்டும். மறைத்தால் ஒரு வருஷம்வரை ஜெயில். சொன்னால் நஷ்டம் என்று பயப்படாதீர்கள். உரிமை கோர வேறு ஆள் இல்லையென்று முடிவானபின் அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டால், உலோகத்தின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகவும் தர வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது.

சொல்லாமல் விட்டால் என்ன ஆகும்? 1786-ல் நெல்லூர் பக்கம் ஓர் ஏழை விவசாயி ஏர் ஓட்டிக்கொண்டிருந்தார். கலப்பை செங்கல்லில் இடித்தது. தோண்டினால் இடிந்த சின்னக் கோயில், அடியில் ஒரு சிறு பானை, அதில் ரோமானியப் பொற்காசுகள். அவருக்கு என்ன தெரியும்? பழைய தங்கம் என்று விற்றுவிட்டார். பல காசுகள் உருகிப்போயின. ஆற்காடு நவாப்பின் மகன் அமீர்-உல்-உம்ரா காதுக்குச் சேதி எட்டி, முப்பது சொச்சத்தை மட்டும் மீட்டார். அவற்றிலிருந்து ஒரு ஹாட்ரியன், ஒரு ஃபாஸ்டினா என்று இரண்டைத் தனக்கு எடுத்துக்கொண்ட மெட்ராஸ் கவர்னர் டேவிட்சன், பின்னால் ஒரு கடிதத்தில் இதையெல்லாம் எழுதி வைத்தார். சில காசுகள் நேற்றுத்தான் அடித்தது போலப் பளபளத்தனவாம். சிலவற்றில் துளை இருந்ததாம். யாரோ கழுத்திலோ கையிலோ அணிந்திருக்க வேண்டும் என்கிறார். உருகிப்போன காசுகளில் யார் முகம் இருந்தது? இனி யாராலும் சொல்ல முடியாது.

புதுக்கோட்டைக் கதை வேறு மாதிரி. 1898-ல் கருக்காக்குறிச்சியில் 501 ஔரியஸ்கள் கிடைத்தன. அகஸ்டஸ் தொடங்கி வெஸ்பாசியன்வரை. ஜார்ஜ் ஹில் என்ற நாணய அறிஞர் அவற்றை ஆராய்ந்து எழுதினார். அவற்றில் சில இப்போது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில். அதில் ஒரு விசித்திரம். பத்தில் ஒன்பது காசுகளில் சக்கரவர்த்தியின் முகத்துக்குக் குறுக்கே உளியால் வெட்டியிருக்கிறார்கள்! 'இனி இது காசாகச் செல்லாது, வெறும் தங்கம்' என்று அறிவிக்கவா? உள்ளே வேறு உலோகம் இருக்கிறதா என்று சோதிக்கவா? அறிஞர்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. ஆனால், அந்த வெட்டு, அது நம் மண்ணில் நடமாடியதற்கு ஒரு கையெழுத்து. ரோமில் பிறந்த காசு, முகத்தில் காயத்தோடு தமிழனாகிவிட்டது!

அந்த 501-ம் சேர்ந்தே கிடைத்ததால்தான், கடைசிக் காசு வெஸ்பாசியனுடையது என்பதை வைத்து, கி.பி. 69-க்குப் பிறகுதான் புதைத்திருக்க வேண்டும் என்று சொல்ல முடிகிறது. தனித்தனியாக விற்றிருந்தால் அது 501 அநாதைகள். அவ்வளவுதான்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த பாட்டி, கையை நீட்டிக் காசை வாங்கிக்கொண்டார். பேத்தி ஃபீஸுக்கு என்ன செய்வது என்று மகன் யோசித்துக்கொண்டிருந்தார். பேங்க்கில் கல்விக் கடனுக்கு எழுதிப்போடுவது பற்றிக் கொஞ்ச நேரம் பேசினோம். "இதை வித்தா ஒரு செமஸ்டர் புஸ்தகத்துக்குத்தான் ஆவும். இருக்கட்டும் சார்" என்றார். கிளம்பும்போது மனசு கேட்காமல், "ஏமாத்திட்டேனா பாட்டி?" என்றேன்.

"நீ என்னாப்பா ஏமாத்துன? எங்கம்மா கழுத்துல பதினோரு காசு இருந்துச்சு. பஞ்சத்துல பத்தும் போயி, இது ஒண்ணுதான் நின்னுச்சு. யார் மூஞ்சா இருந்தா எனக்கென்ன? இது எங்கம்மாவோடது."

உருவம் யாருடையது என்ற கேள்விக்கு நான் காலையிலிருந்து அளந்து, நிறுத்து, லென்ஸ் வைத்துப் பார்த்தேன். பாட்டிக்கு விடை முதலிலேயே தெரிந்திருக்கிறது.